வெளுத்துப்போன கைப்பட்டி

கொடியில் கிடந்த கைப்பட்டி வெள்ளையாக இருந்ததைப் பார்த்ததும் சிவரூபன் அப்படியே நின்றுவிட்டான். பங்குனி வெயில், நடு மத்தியானம், உரும்பிராய்ச் செம்மண் கொதிக்கிறது. இந்நேரம் அது கத்தரிப்பூ நிறத்துக்கு மாறியிருக்க வேண்டும்.

அவன் மனைவி கேதீஸ்வரிக்கு மூன்று வருடமாக லூபஸ். வெயில் பட்டால் உடம்பே உடம்பைத் தின்னத் தொடங்கும் பொல்லாத வருத்தம். போன தடவை கிளினிக்கில் டொக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: "கிட்னியிலை ஏற்கெனவே கை வைச்சிட்டுது. இன்னொருக்கா வெயிலாலை கிளம்பிச்சுதெண்டால் தாங்காது. கால் வீங்கி, அமத்தின குழி மாறாமல் நிண்டால் உடனை கொண்டு வாங்கோ." அன்றைக்கே யன்னலெல்லாம் தடித்த சீலை தொங்கியது. பாவம், பட்டப்பகலில் லைற்றைப் போட்டுக்கொண்டு இருந்தாள் மனுசி.

மார்கழியில் லண்டனில் இருந்து அவளுடைய அக்கா நிரோஜா மணிக்கட்டில் கட்டும் இரண்டு கைப்பட்டிகள் அனுப்பினாள். வெறும் துணிதான், ஆனால் நூலில் ஏதோ சாயம் ஏற்றியிருந்தார்கள். புற ஊதாக் கதிர் பட்டால் கத்தரிப்பூ நிறமாகும், நிழலுக்குள் வந்தால் திரும்ப வெளுக்கும். "வெக்கை வேறை, உந்தக் கதிர் வேறையடி. கண்ணுக்குத் தெரியாது. பட்டியைப் பார்த்து நட" என்று போனில் படித்துப் படித்துச் சொன்னாள்.

பெட்டிக்குள் ஒரு கடதாசித் துண்டும் இருந்தது: நிழலில் மட்டும் காயவிடவும்; வெயிலில் தொடர்ந்து கிடந்தால் சாயம் செயலிழக்கும். சிவரூபன் வாசித்தான்தான். வாசித்து என்ன? வெயில் படாத துணியும் ஒரு துணியா? வருத்தக்காரி கையில் கட்டுவது, கிருமி சாக வேண்டாமா? ஒன்று அவள் கையில், மற்றது கொடியில் என்று நாள் தவறாமல் வேலைக்குப் போகமுன் சவர்க்காரம் போட்டுத் தோய்த்து, தன் கையாலேயே வெயிலில் காயப்போட்டான். அப்படியொரு அக்கறை அவனுக்கு!

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் அவன் வேலை செய்யும் இரும்புக் கடையை இன்று வேளைக்கே பூட்டிவிட்டார்கள். இல்லாவிட்டால் மத்தியானக் கொடியை அவன் எங்கே காணப்போகிறான்? பட்டியை எடுத்து உதறினான், புரட்டினான், சூரியனுக்கு நேரே பிடித்தான். நிறம் மாறவில்லை. இது மட்டும்தான் பழுதாக்கும் என்று மனதைத் தேற்றப் பார்த்தான். மற்றதையும் இதே கொடியில்தானே போட்டான்?

"கேதீஸ்!"

அறையில் லைற் எரிந்தது, ஆளைக் காணோம். குசினியில் சோறு வடித்து மூடியிருந்தது. பின்கதவு ஆவென்று திறந்து கிடந்தது. ஐயோ கடவுளே என்று ஓடினான்.

வெங்காயத் தோட்டத்தின் நடுவில் குந்தியிருந்து வெங்காயம் கிண்டிக்கொண்டிருந்தாள். தலையில் ஒன்றும் இல்லை. சட்டைக் கை முழங்கை வரை சுருட்டியிருந்தது.

"இஞ்சாருங்கோ, வேளைக்கு வந்திட்டியளே?" சிரித்துக்கொண்டே கையைத் தூக்கிக் காட்டினாள். "பயப்பிடாதையுங்கோ. பாருங்கோ, வெள்ளை. கதிர் ஒண்டும் இல்லை."

அவன் தான் போட்டிருந்த சேட்டைக் கழற்றி அவள் தலையில் போட்டு மூடினான். "கதையாதையும். முதல் உள்ளை வாரும்." கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் தண்ணி இறைக்கிற மோட்டர்க் கொட்டிலின் நிழலுக்குள் விட்டான்.

"என்னப்பா நடந்தது?"

"பட்டி செத்துப்போச்சுது. கொடியிலை கிடக்கிறதும் அப்பிடித்தான். வெயிலிலை போடக்கூடாதாம். நான்தான் கெடுத்துப்போட்டன்."

அவள் நம்பவில்லை. கொட்டில் வாசலால் மணிக்கட்டை மட்டும் வெயிலுக்குள் நீட்டினாள். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. கையைச் சட்டென்று உள்ளே இழுத்து மார்போடு வைத்துக்கொண்டாள்.

"எத்தினை நாளா வெளியிலை வாறீர்?" என்று கேட்டான்.

"மாசி நடுவிலை இருந்து. நிறம் மாறவே இல்லை. கதிர் குறைஞ்சுபோச்சாக்கும் எண்டு... நீங்கள் வேலைக்குப் போனாப்பிறகு ஒவ்வொரு நாளும் வந்தனான். முழுக்கக் கிண்டி முடிச்சுப்போட்டு உங்களுக்குக் காட்டுவம் எண்டிருந்தன்."

ஒரு மாதம். "உடம்புக்கு ஏதும் செய்யுதோ? ஒளிக்காமல் சொல்லும்."

"ஒண்டுமில்லை. கால்தான் கொஞ்சம் வீங்கிக் கிடக்குது. குந்தியிருந்த வீக்கம்."

அவன் முழங்காலை ஊன்றி இருந்து, அவள் கணுக்காலுக்கு மேல் ஒட்டியிருந்த செம்மண்ணைத் துடைத்து, பெருவிரலால் அமத்தினான். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. அவள் குனிந்து அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓட்டோவைக் கூப்பிடுங்கோ" என்றாள்.