கொச்சிக்குக் கிளம்பிய கூடைகள்

விடிந்தும் விடியாத நேரம். ஏலச்செடியின் அடியில் குத்தவைத்து, தரையோடு படர்ந்த சரத்தைத் தடவித் தடவிக் காயெடுத்துக்கொண்டிருந்தாள் குருவம்மாள். பனியில் விரல்கள் மரத்திருந்தன. செடிச்சாறு ஏறி நகக்கண் கறுத்துப்போயிருந்தது. இது நாலாவது ஞாயிறு. நாலு ஞாயிறும் லீவு போடாமல் காயெடுத்தால் கொச்சிக்கு லாரி விடுவதாக மொதலாளி சொல்லியிருந்தார்.

கொச்சியில் நேரு கோப்பைக் கால்பந்து. பல தேசத்து ஆட்கள் வந்து பந்தாடுகிறார்கள். ரெண்டு வருசத்துக்கு முன் தவசியின் ரேடியோவில் மலையாள வர்ணனை கேட்டதிலிருந்து அவர்கள் குடியிருந்த லயமே கிறுக்குப் பிடித்துக் கிடந்தது. குருவம்மாளுக்குக் கோல் பெரிதில்லை. பனி பெய்யும் தேசத்து ஆட்கள் கொச்சி வெயிலில் எப்படி வேர்த்து நிற்பார்கள் என்று பார்க்க வேண்டும். அப்படியே கடலையும்.

மறுநாள் கருக்கலில் லாரி வந்து நின்றது.

"கூடையக் கொண்டாங்க எல்லாரும்," என்றார் கங்காணி திருப்பதி.

"எதுக்கு? பந்து பொறுக்கிப் போடவா?" என்றாள் சுருளியம்மாள்.

"அங்க உக்கார எடம் கெடைக்காது ஆத்தா. கவுத்துப் போட்டு உக்காந்து பாரு. வெரசா ஏறு."

லாரியே சிரித்தது. முப்பது பேர், முப்பது கூடை. குருவம்மாள் கல்யாணச் சேலையைக் கட்டியிருந்தாள்.

பூப்பாறை முக்கு வந்தது. கொச்சிக்கு மூணாறு ரோடுதான் வழி. லாரி சாந்தம்பாறை ரோட்டில் திரும்பியது.

"கங்காணி, வழி மாறுது!" தவசி தகரத்தில் தட்டினான். முன்சீட்டிலிருந்த திருப்பதி திரும்பவே இல்லை.

லாரி நின்ற இடம் மொதலாளியின் மச்சான் தோட்டம். கேட்டுக்கு வெளியே ஐம்பது பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கைக்குழந்தையோடு மூக்கம்மாள். காய் காயவைக்கும் ஸ்டோரில் அவள் புருசன் ராக்கையா புகையில் மூச்சடைத்துச் செத்துப் பதினைந்து நாள்தான் ஆகிறது. அதற்குள் லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். அதற்கு நியாயம் கேட்டு எட்டு நாளாகத் தோட்டத்தில் ஒருவரும் வேலைக்கு இறங்கவில்லை. காய் சரத்திலேயே பழுத்து வெடித்துக்கொண்டிருந்தது.

மூக்கம்மாள் கூடைகளைப் பார்த்தாள். "சிங்காரிச்சுக்கிட்டா எங்க சோத்துல மண்ணள்ளிப் போட வந்தீக?"

"பந்தாட்டம் பாக்கக் கெளம்புனோம்க்கா," என்றாள் குருவம்மாள். யாரோ சிரித்தார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

பின்னாலேயே வந்த ஜீப்பிலிருந்து மொதலாளி இறங்கினார்.

"கொச்சி எங்கயும் ஓடிப்போயிறாது. இன்னிக்கு மச்சானுக்கு ஒரு கை குடுங்க. நாளைக்கு லாரி."

"கூடை உக்காரத்தான்னு கங்காணி சொன்னாரு," என்றாள் குருவம்மாள்.

"கூடை எதுக்குப் புள்ள? காயெடுக்கத்தான!"

"நெசத்தச் சொன்னா ஒருத்தரும் ஏற மாட்டோம்னு ஒங்களுக்கே தெரியும் மொதலாளி. அதான் கொச்சியச் சொன்னீக."

மொதலாளியின் முகம் மாறியது. "நீ குடியிருக்கிறதும் லயத்து வீடுதான். ஞாபகம் இருக்கட்டும்."

குருவம்மாள் மூக்கம்மாளைப் பார்த்தாள். அந்தக் குழந்தை பழைய ஏலக்காய்ச் சாக்கில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு நிமிசம் தன் வீட்டு அடுப்பும் பானையும் வாசலில் கிடப்பதுபோல் கண்ணுக்குள் வந்து போயிற்று. கூடையோடு லாரியிலிருந்து குதித்தாள்.

"கங்காணி சொன்னதையே செஞ்சிருவோம்."

மூக்கம்மாள் பக்கத்தில் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். அடுத்து சுருளியம்மாள். அப்புறம் தவசி. ஒவ்வொரு கூடையாகக் கவிழ்ந்தது.

"திரும்பிப் போக லாரி கெடையாது!" திருப்பதி கத்தினார்.

"நடந்துக்கிருவோம் கங்காணி. நீங்க கொச்சிக்குப் போய் ஆட்டத்தப் பாத்துட்டு வந்து சொல்லுங்க," என்றாள் சுருளியம்மாள்.

மத்தியானத்துக்கு மேல், சேதி கேட்டுப் பக்கத்துத் தோட்டத்திலிருந்தும் இருபது பேர் கூடையோடு வந்தார்கள். வீடு பற்றி ஒரு பதிலும் வரவில்லை. போலீசு வரும் என்றார்கள். யாரும் எழுந்திரிக்கவில்லை.

சாயங்காலம் தவசி ரேடியோவைத் திருகினான். கொச்சி மைதானத்து இரைச்சல் மலையில் கேட்டது. கடல் இப்படித்தான் சத்தம் போடுமோ என்று நினைத்தாள் குருவம்மாள்.

மூக்கம்மாள் பிள்ளையை அவள் மடியில் போட்டுவிட்டு, ரோட்டு வளைவு தாண்டியும் நீண்டிருந்த வரிசையைத் திரும்பிப் பார்த்தாள்.

"சத்தமா வைங்கண்ணே," என்றாள். "கடைசில இருக்கவுகளுக்குக் கேக்கலையாம்."