காரணம் வேண்டாத காய்ச்சல்

அப்பாவின் அக்குளிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்தாள் தாரணி. முப்பத்தொன்பது டிகிரியைத் தாண்டியிருந்தது.

“ஏறிருக்கும்மா.”

கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்து கணவரின் உதட்டை ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டிருந்த விசாலாட்சி நிமிரவில்லை. “ஆயிஷா வந்துக்கிட்டு இருக்கா. வந்து பாக்கட்டும்,” என்றாள்.

மாசிலாமணிக்கு நுரையீரலில் புற்று. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் குவீன்ஸ்டவுன் அடுக்குமாடி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஹாலில் ஜன்னலை ஒட்டிக் கட்டிலைப் போடச் சொன்னது அவர்தான். தலைமாட்டில் ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தாரணி லீவு போட்டுவிட்டு வந்து தங்கியிருந்தாள்.

ஆயிஷா வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ். தமிழர்கள் நிறைந்த தேக்காவில் வளர்ந்தவள், தமிழ் சரளமாக வரும். வந்ததும் மாசிலாமணியின் மார்பில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டாள், கணுக்காலை அழுத்திப் பார்த்தாள், பிறகு தாரணியைச் சமையலறைப் பக்கம் அழைத்தாள்.

“அக்கா, நுரையீரல்ல இன்ஃபெக்‌ஷனா இருக்கலாம். யூரின்லேருந்து வந்திருக்கலாம். கட்டியாலயேகூட காய்ச்சல் வரும். எதுன்னு தெரியணும்னா பிளட் டெஸ்ட், எக்ஸ்ரே எல்லாம் எடுக்கணும். அதுக்கு ஹாஸ்பிட்டல் போகணும்.”

“போனா?”

“மருந்து ஏத்துவாங்க. கேட்டுச்சுன்னா இன்னும் கொஞ்ச நாள் கெடைக்கலாம். கேக்கலைன்னா...” ஆயிஷா ஹாலைத் திரும்பிப் பார்த்தாள். “அங்கேயே முடிஞ்சிடும்.”

தாரணி கைப்பேசியை எடுத்தாள். “அப்ப போவோம். என்னா காய்ச்சல்னே தெரியாம எப்படி சும்மா பாத்துக்கிட்டு இருக்கிறது? அப்பாவே ஒத்துக்க மாட்டாரு.”

அது உண்மைதான். மாசிலாமணி மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவர். ஓர் ஆய்வுக் குழுவோடு பல வருடங்கள் லாவோஸுக்குப் போய்வந்தார். மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. தாய்மார்கள் முதுகில் துணி கட்டிக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். எல்லாக் குழந்தைக்கும் காய்ச்சல். அந்த ஊரில் காய்ச்சல் என்றாலே மலேரியா, மலேரியா என்றாலே அதற்கான மாத்திரை. அதைத் தின்றும் குழந்தைகள் செத்தன. இவர் ரத்தத்துளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்ப்பார். பாதிப் பேருக்கு மேல் மலேரியாவே இருக்காது. ‘அப்ப வேற என்னா?’ என்பதுதான் அவருடைய கேள்வி. வீட்டுக்கு வந்தாலும் சோற்றைப் பிசைந்தபடி அதையேதான் பேசுவார். சில குழந்தைகளுக்கு டெங்கு, சிலதுக்கு டைபாய்டு, சிலதுக்கு எலி மூத்திரம் கலந்த வயல் தண்ணீரால் வருவது. தாரணி சின்ன வயதில் காய்ச்சலாகப் படுத்திருந்த நாட்களில் அப்பா பெரும்பாலும் வேறு பிள்ளைகளின் காய்ச்சலைத் தேடிப் போயிருப்பார்.

“எவ்ளோ?” என்று ஹாலிலிருந்து குரல் வந்தது.

தாரணி ஓடி வந்தாள், பின்னாலேயே ஆயிஷாவும். “முப்பத்தொம்பதுக்கு மேலப்பா.”

“நல்ல காய்ச்சல் லா,” என்றார் மாசிலாமணி, பாராட்டுவதுபோல.

“ஹாஸ்பிட்டல் போவோம்ப்பா. என்னான்னு கண்டுபுடிச்சிடுவாங்க.”

“கசகசங்குது. தொடச்சி விடு,” என்றார்.

வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்துப் பிழிந்து கழுத்தைத் துடைத்தாள். கையைத் தூக்கி அக்குளைத் துடைக்கும்போது அவருக்குச் சிரிப்பு வந்து இருமலாக மாறியது.

“அங்க தேடாத. இங்க ஏது புல்லு?”

விசாலாட்சியும் சிரித்தாள். புரியாமல் நின்ற ஆயிஷாவிடம் திரும்பினாள். “லாவோஸ்ல ஒரு பொம்பளப் பிள்ள. பேரு நோய்.”

“நோயா?”

“அவங்க பாஷைல நோய்னா சின்னதுன்னு அர்த்தமாம். மூணு வயசு இருக்கும். எந்த மருந்துக்கும் காய்ச்சல் எறங்கல. இவரு ரத்தத்துல ஒண்ணும் கெடைக்காம, நேரா வார்டுக்குப் போயி சட்டையக் கழட்டிப் பாக்கச் சொல்லிருக்காரு. அக்குள்ள சிகரெட்டால சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் புண்ணு. புல்லுல இருக்குற உண்ணி கடிச்சது. கண்ணுக்கே தெரியாதாம் அது. மருந்த மாத்துனாங்க, ரெண்டே நாள்ல எந்திரிச்சு உக்காந்துடுச்சு.”

“அதை மட்டுந்தான் சொல்லுவா,” என்றார் மாசிலாமணி. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் மூச்சு வாங்கியது. “காரணம் கெடைக்காத பிள்ளைங்கதான் நெறைய. எல்லா டெஸ்ட்டும் பண்ணுவோம். ஒண்ணும் வராது. எனக்கு ஆத்திரமா வரும். மறுநாள் பாத்தா அந்தப் பிள்ள வாத்து பின்னாடி ஓடும்.”

“அது பிள்ளைங்கப்பா. தானா சரியாயிடும்.”

“எல்லாம் ஆயிடாது. அதனாலதான் பிள்ளைங்களுக்குத் தேடணும். விடவே கூடாது.” கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தபோது மறுபடி பேசினார். “எனக்கு என்னாத்துக்கு? காத்து வருது. ஒங்கம்மா இருக்கா. நீ இருக்க. இந்தக் காய்ச்சலுக்குக் காரணம் வேணாம்மா.”

தாரணி அம்மாவைப் பார்த்தாள். “நீங்க சொல்லுங்கம்மா.”

விசாலாட்சி துணியை வாங்கிப் பாத்திரத்தில் அலசினாள். “அவருக்குத் தேடத் தெரியாமலா சொல்றாரு?” என்றாள்.

தாரணி கைப்பேசியை எடுத்து மேசையில் கவிழ்த்து வைத்தாள். “ஆயிஷா, ஒடம்பு வலிக்காம இருக்குறதுக்கு மட்டும் குடுங்க.”

ஆயிஷா மருந்தைக் கொடுத்துவிட்டு, எந்த நேரமானாலும் கூப்பிடச் சொல்லிவிட்டுப் போனாள்.

மதியம் கோப்பி கேட்டார். விசாலாட்சி பால் அதிகமாக ஊற்றிக் கலந்து, கரண்டி நுனியால் நாக்கில் தொட்டு வைத்தாள். “சீனி பத்தல,” என்றார். இன்னொரு கரண்டி சீனி போட்டு வந்தாள். அதைச் சுவைத்துவிட்டுத் தலையாட்டினார். தாரணி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, ஆபீஸில் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட மேனேஜரைப் பற்றிச் சொன்னாள். அவர் கண் மூடியிருந்தது, உதடு மட்டும் விரிந்தது. இவ்வளவு நேரம் அப்பாவோடு ஒரே இடத்தில் உட்கார்ந்து, எதற்கும் அவசரப்படாமல் பேசியது எப்போது என்று அவளுக்கு நினைவில்லை.

சாயங்காலம் மழை வருவதுபோல் இருட்டியது. மூச்சு நீண்ட இடைவெளி விட்டு வரத் தொடங்கியது. விசாலாட்சி ஒரு கையைப் பிடித்துக்கொண்டாள், தாரணி இன்னொன்றை. ஒரு மூச்சு வந்தது. இருவரும் அடுத்ததற்காகக் காத்திருந்தார்கள். கீழே பஸ் ஒன்று நின்று கிளம்பிப் போனது.

விசாலாட்சி எழுந்து ஆக்சிஜன் மெஷினை அணைத்தாள். புறங்கையைக் கணவரின் நெற்றியில் வைத்தாள், வெகுநேரம் எடுக்கவில்லை.

“ஆயிஷாவுக்குப் போன் போடு,” என்றாள்.

தாரணி பேசிவிட்டு வந்தபோது முதல் தூறல் விழுந்தது. அவள் சமையலறை ஜன்னலுக்குப் போய், துணி காயப்போட வெளியே நீட்டியிருந்த மூங்கில் கழியை உள்ளே இழுத்தாள். அதில் அப்பாவின் இரண்டு பனியன்கள் இருந்தன. இன்னும் காயவில்லை. உதறி, நாற்காலி முதுகில் ஒவ்வொன்றாக விரித்துப் போட்டு, மின்விசிறியை அவற்றின் பக்கம் திருப்பி வைத்தாள்.