பனி விழாத பள்ளம்

"அது பனி இல்லடா, உப்பு."

"உப்புன்னு தெரியும். பலகையில போட்டிருக்கே, வாசிச்சேன்."

"அப்புறம் என்ன? இறங்கு."

"எனக்குத் தெரியுது அக்கா. காலுக்குத் தெரியலையே."

காரின் கதவு திறந்தே கிடந்தது. ரைனோவின் இடது கால் வெளியே தார்த்தரையில் இருந்தது, வலது கால் உள்ளே. இருபது நிமிடமாக அப்படியேதான் உட்கார்ந்திருந்தான். அவனுடைய அக்கா ஐலி காரைச் சுற்றி வந்து அவனுக்கு எதிரே நின்றாள். அவள் முதுகுக்குப் பின்னால், இந்த மலையின் அடிவாரத்திலிருந்து எதிர் மலையின் அடிவாரம் வரை வெள்ளை. ஜனவரியில், வடக்கே அவர்கள் ஊரான டூலூத்தில் ஏரி உறைந்து கிடக்கும்போது இப்படித்தான் இருக்கும். அதே மங்கல், அங்கங்கே அதே மினுக்கம். பாதி நாட்டைத் தாண்டிப் பறந்துவந்து தம்பியை மறுபடி அதே ஏரிக்கரையில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறோமே என்று நினைத்தாள்.

"பத்து இடம் பார்த்தேன்னியே. பத்துல இதுதான் கிடைச்சுதா உனக்கு?"

"பதினொண்ணு பார்த்தேன்."

ரைனோ தபால்காரன். இருபத்தாறு வருடம் டூலூத்தின் மேட்டுத் தெருக்களில் தோள்பையோடு நடந்தே கடிதம் கொடுத்தவன். போன ஜனவரியில் அக்கா வீட்டுப் பின்படியில் பனிக்கட்டி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. எலும்பு கூடிவிட்டது, இனி ஓடக்கூடச் செய்யலாம் என்றார் மருத்துவர். நடைதான் திரும்பி வரவில்லை. அவர்கள் ஊரில் முதல் பனி விழுந்ததுமே பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்: பென்குயின் மாதிரி நட, பாதத்தை வெளிப்பக்கம் திருப்பு, சின்னச் சின்னதாக அடி எடுத்து வை, உடம்பின் கனத்தை முன்காலில் போடு. ரைனோ அந்த நடையை ஆகஸ்ட் மாதத்திலும் விடவில்லை. மளிகைக் கடையில், தேவாலயத்தில், வெட்டிய புல்லின் மேல், எங்கும் பென்குயின்தான். மார்ச் முதல் தேதிக்குள் தெருவுக்குத் திரும்ப வேண்டும், முடியாவிட்டால் உள்ளே உட்கார்ந்து கடிதங்களைத் தெருவாரியாகப் பிரிக்கும் வேலைக்குக் கையெழுத்துப் போட வேண்டும் என்று தபால் நிலையத்தில் சொல்லிவிட்டார்கள். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் தம்பி அத்தோடு சரி என்று ஐலிக்குத் தெரியும்.

அன்று காலை பனிக்கட்டி உருக அந்தப் படிக்கு உப்புத் தூவ அவள் மறந்திருந்தாள். இதை அவள் அவனிடம் சொன்னதில்லை. அவனும் கேட்டதில்லை.

நவம்பரிலேயே தேடத் தொடங்கினாள். பனி இருக்கக் கூடாது, பகல் வெயில் இதமாக இருக்க வேண்டும், பாதை ஏறி இறங்கக் கூடாது. இவ்வளவுதான் அவள் கேட்டது. தெற்கே போனால் பாலைவனம், பாலைவனம் என்றால் வெயில் என்றுதான் முதலில் நினைத்தாள். பக்கத்து வீட்டு லண்ட்க்விஸ்ட் தம்பதியும் அப்படி நினைத்துத்தான் டிசம்பரில் அரைக்கால் சட்டையோடு கிராண்ட் கேன்யன் விளிம்புக்குப் போனார்கள். இரண்டு நாள் காரைச் சுற்றிப் பனி அள்ளிவிட்டுத் திரும்பி வந்தார்கள்.

"ஏழாயிரம் அடி உசரம்னு எங்களுக்கு யாரு சொன்னா?" என்றாள் லண்ட்க்விஸ்ட்டின் மனைவி.

ஐலிக்கு அப்போதுதான் புரிந்தது, பார்க்க வேண்டியது திசையை அல்ல, உயரத்தை. அவள் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவள். சமையல் குறிப்பு அட்டைகளின் பின்பக்கத்தில் ஒவ்வொரு பாலைவனத்தின் பெயரையும் உயரத்தையும் எழுதினாள். சிவப்புப் பாறை வளைவுகள் இருக்கும் இடம் நாலாயிரத்துச் சொச்சம், நிழல் விழும் பாதையெல்லாம் பனிக்கட்டி. அடித்தாள். யோசுவா மரங்கள் நிற்கும் மேட்டுப் பாலை அதே உயரம். அதையும் அடித்தாள். கள்ளிக்காட்டுப் பாலைவனம் தாழ்வாகத்தான் இருந்தது, ஆனால் பாதை முழுக்க உருளைக் கற்கள். இப்படி அடித்து அடித்துக் கடைசியில் ஓர் எண்ணுக்கு வந்து சேர்ந்தாள். அதற்கு முன்னால் கழித்தல் குறி இருந்தது. அவர்கள் ஊரில் அந்தக் குறி வெப்பமானியில்தான் வரும், குலை நடுங்க வைக்கும். இங்கே அது உயரத்துக்கு முன்னால் நின்றது. கடலுக்குக் கீழே இருநூற்று எண்பத்திரண்டு அடி. இந்தக் கண்டத்தில் இதைவிடக் கீழே போக முடியாது. பனி இறங்கி வந்தாலும் பாதி வழியிலேயே கரைந்துபோகும் என்று முடிவு செய்து விமானச்சீட்டு எடுத்தாள்.

"இடுப்பு உடைஞ்சவனை மரணப் பள்ளத்தாக்குக்கா கூட்டிட்டுப் போற?" என்று ரைனோ கேட்டான். "வீட்டுலயே ஒரு தலைகாணியை வெச்சு அமுக்கிடேன், செலவு மிச்சம்."

எண்ணை மட்டுமே பார்த்தவள் நிறத்தைப் பார்க்கவில்லை.

ஐலி பத்தடி நடந்து போய்க் குனிந்து, ஒரு சிட்டிகை வெள்ளையை எடுத்துவந்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"நக்கிப் பாரு."

"அத்தனை பேரு மிதிச்ச இடத்துலேர்ந்து எடுத்துட்டு வந்து நக்கச் சொல்ற."

"நீ பத்து வயசுல பஸ் சக்கரத்துப் பனியைத் தின்னவன். நக்குடா."

நாக்கு நுனியில் வைத்தான். முகம் சுருங்கியது.

"உன் முட்டைக்கோஸ் சூப்பைவிட உப்பு கம்மியாத்தான் இருக்கு," என்றான். பிறகு வெளியே அந்த வெளியைப் பார்த்தான், ஒரு கரையிலிருந்து மறு கரை வரைக்கும். "இவ்வளவு இருக்கு. உன் படியில ஒரு கைப்பிடி போட்டிருக்கலாம்."

ஐலி விரல்களில் ஒட்டியிருந்த உப்பைத் தட்டிவிட்டாள்.

"மறந்துட்டேன்."

"தெரியும்," என்றான், உறையின் மேல் விலாசம் வாசிப்பது போல. கையை நீட்டினான். "தூக்கிவிடு."

முதல் கொஞ்ச தூரம் மனிதக் கால்கள் மிதித்து வழவழப்பாக்கிய பாதை. ரைனோ இரண்டு கையாலும் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு பென்குயினாக நடந்தான். எதிரே திரும்பி வந்த ஒரு குடும்பம் ஒதுங்கி வழிவிட்டது. உறைந்த பனியைப் போலவே காலடியில் நொறுநொறுத்தது. ஒவ்வொரு நொறுக்குக்கும் அவன் பிடி இறுகியது. நாளைக்கு அங்கே கன்றிப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

பாதை முடிந்த இடத்தில் தரை மாறியது. வெள்ளை நிலம் ஆறு பக்கமும் ஏழு பக்கமுமாகப் பிளந்து, ஒவ்வொரு கட்டத்தின் விளிம்பும் விரலுயரம் எழும்பி நின்றது. கண்ணுக்கு எட்டும் வரை கட்டங்கள். யாரோ உட்கார்ந்து, சலிக்காமல், பல ஆயிரம் வருடமாக விளிம்பு கட்டிக்கொண்டிருந்தது போல. ரைனோ குதிகாலை ஊன்றித் திருகிப் பார்த்தான். வழுக்கவில்லை. இன்னொரு முறை திருகினான்.

"பிடிக்குது," என்றான் மெதுவாக.

"எது?"

"கீழேர்ந்து பிடிக்குது அக்கா. காலை."

திரும்பிப் பார்த்தார்கள். கார்கள் தீப்பெட்டிகளாகியிருந்தன. கார்களுக்கு நேர் மேலே, செங்குத்துப் பாறையில், பருந்து உட்காரும் உயரத்தில் ஒரு சின்னப் பலகை. கடல் மட்டம் இது என்று அதில் எழுதியிருப்பதை வரும்போதே படித்திருந்தாள். அட்டையில் பென்சிலால் எழுதிய அந்த எண்ணை இப்போதுதான் அண்ணாந்து பார்த்தாள். உலகத்துக் கடலெல்லாம் அந்தப் பலகையின் உயரத்தில் தளும்பிக்கொண்டிருக்க, தானும் தம்பியும் அதன் அடியில் நனையாமல் நிற்பதாக நினைத்தபோது அவளை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். காற்று இல்லை, பறவை இல்லை. காதுக்குள் தன் ரத்தம் ஓடுவது மட்டும் கேட்டது. தேவாலயத்தில்கூட இப்படி ஒரு நிசப்தத்தை அவள் கேட்டதில்லை.

மேற்கே மலை, பழுப்பும் ஊதாவுமாக எழும்பி எழும்பிப் போய், உச்சியில் வெள்ளையாக முடிந்தது.

"அதோ இருக்கு பனி," என்றான் ரைனோ.

"அங்கயே இருக்கட்டும்."

அவன் சிரித்தான். சிரித்தபடியே அவள் கையை விட்டதை இருவருமே கவனிக்கவில்லை. நாலைந்து அடி பென்குயின்தான். பிறகு ஒரு விளிம்பைத் தாண்ட வேண்டியிருந்தது, காலை நீட்டி வைத்தான். அடுத்த விளிம்புக்கும் நீட்டினான். பாத நுனிகள் ஒவ்வொன்றாக நேராகத் திரும்புவதை ஐலி பார்த்தாள். குதிகால் முதலில் இறங்கியது, கை வீசியது. கூப்பிட வாயைத் திறந்தவள், கூப்பிட்டால் அந்த நடை உடைந்துவிடுமோ என்று மூடிக்கொண்டாள்.

அவன் போய்க்கொண்டே இருந்தான். அந்த வெளியில் மரம் இல்லை, கல் இல்லை, தூரத்தை அளக்க அவன் ஒருவன்தான் இருந்தான். கை அளவாகி, விரல் அளவாகி, கானல் அவன் கால்களைக் கரைத்து இடுப்புக்கு மேலே மிதக்கவிட்டது. அவன் நடக்க வேண்டும் என்று மட்டுமே பதினொரு அட்டைகளிலும் யோசித்தவள், நடந்தால் இவ்வளவு தூரம் போவான் என்று யோசிக்கவில்லை. ஐலியும் நடந்தாள். அறுபதை நெருங்கும் முழங்கால்கள், ஒவ்வொரு விளிம்பிலும் தடுமாறின. இடைவெளி குறையவில்லை. கண்ணில் நீர் கோத்தது, வெள்ளை உப்பு கூசியதாலும் இருக்கலாம். இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக்கொண்டாள்.

"ரைனோ," என்றாள். குரல் எதிலும் மோதவில்லை, போய்க்கொண்டே இருந்தது. "கொஞ்சம் நில்லுடா. நானும் வரேன்."