சுவர் ஏறுற ஆட்டம்

அண்ணன் வேணும்னேதான் கோட்டை விடுறான்னு தங்கச்சி நெனச்சுட்டா.

ரெண்டு பேரா சேந்து சுவர் ஏறுற ஆன்லைன் ஆட்டம் அது. ஒருத்தர் குனிஞ்சு கை கொடுக்கணும், இன்னொருத்தர் அதுல கால் வெச்சு எம்பணும். கை கொடுக்குறது அண்ணன் வேலை. மூணு வருஷமா வெளிநாட்டுல ஒரு கிடங்குல பெட்டி அடுக்குறான். வேலை முடிஞ்சு சாயங்காலம் ஒரு மணி நேரம் அவளோட ஆடுறதுதான், அவனுக்கு வீட்டுக்குப் போய்ட்டு வர்ற மாதிரி. போன்ல ஆடுன வரைக்கும் ஒரு குறையும் இல்ல. கூட வேலை பாக்குறவரோட புரொஜெக்டரை இரவல் வாங்கி, படத்தை ரூம் சுவத்துல விட ஆரம்பிச்சான் பாருங்க, அன்னைக்குப் புடிச்சது சனி. விரல் அழுத்தினதும் அவன் ஆளு குனிய மாட்டேங்குறான், யோசிச்சுட்டுதான் குனியுறான். அதுக்குள்ள தங்கச்சி பொத்துனு கீழ.

பஸ் போனப்புறம் கை காட்டுற ஆளுன்னு கிண்டல் பண்ணிட்டு இருந்தவ, போன வாரம் கிண்டலையும் நிறுத்திட்டா. ஜோடிப் போட்டி ஒண்ணு வருது, கூடப் படிக்கிறவளும் கேக்குறா, யார் பேரைக் கொடுக்கட்டும்னு மட்டும் கேட்டா. போட்டியாவது மண்ணாவது; அந்த ஒரு மணி நேரமும் அந்தப் பொண்ணுக்குப் போயிருமேன்னுதான் அவனுக்குப் பயம்.

லீவு நாள் காலைல, போனை மாட்டுற கேபிளும் கையுமா புரொஜெக்டர் விக்கிற கடைல போய் நின்னான். கடைக்கார அக்கா வெளிச்சம், பேட்டரி, ஸ்பீக்கர்னு ஆரம்பிச்சாங்க. அதெல்லாம் இருக்கட்டும்க்கா, அழுத்தினா உடனே அசையணும்னான். அங்கேருந்தே தங்கச்சியைக் கூப்பிட்டு ஆட்டத்தைப் போட்டான்.

முதல் மெஷின் கண்ணைப் பறிக்குற வெளிச்சம். அவ விழுந்தா. ரெண்டாவது, எந்த மூலைல வெச்சாலும் படத்தைத் தானே நேராக்கிக்குது. விழுந்தா. மூணாவது சாப்பாட்டு டப்பா சைஸ்தான், வெளிச்சமும் சுமார். அதுலயும் விழுந்தா. அவன் முகம் போன போக்கைப் பாத்த அக்கா, கேம் மோடைப் போட்டு, படத்தை நேராக்குற வசதியை அணைச்சாங்க.

"அது உக்காந்து கோணலைச் சரி பண்ற நேரம்தாம்பா உனக்கு லேட்டு. பெட்டியை நீயே சுவத்துக்கு நேரா வெச்சுக்கோ."

படம் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு கோணிக்கிச்சு. அவன் அழுத்தினான். அந்த நொடியே ஆளு குனிஞ்சான். தங்கச்சி ஒரே எம்பு, சுவர் மேல நிக்கிறா.

அங்கேருந்தே மெதுவா, நேத்தே கூடப் படிக்கிறவ பேரைக் கொடுத்துட்டதா சொன்னா. ஒரு மாசம் தினமும் அவளோடதான் ஆடிப் பழகணுமாம்.

பரவால்ல, ஜெயிச்சுட்டு வான்னான்.

"போன்ல நல்லாத்தானே ஆடின? எதுக்குண்ணா இந்த மெஷினைக் கட்டிக்கிட்டு அழுவுற?"

கடைக்கார அக்கா காதுல விழுமேன்னு கூச்சம்தான். ஆனாலும் சொன்னான்.

"போன்ல நீ விரல் நகம் அளவுதான் இருக்க. சுவத்துல விட்டா, பக்கத்துல போய் நின்னா, என் தோள் உசரம் வர்ற. நான் கெளம்பும்போது நீ அவ்ளோதான் இருந்த."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுற சத்தம்.

"இப்ப அம்மாவையே தாண்டிட்டேண்ணா. உன் காது வரைக்கும் வருவேன்."

அவன் சுவத்துல நின்னவளையே பாத்துட்டு இருந்தான். எறங்கி வந்து அசையாம நில்லுன்னு சொன்னான். மேசை மேல இருந்த பெட்டியை ரெண்டு கையாலயும் புடிச்சு, கொஞ்சம் கொஞ்சமாப் பின்னாடி இழுத்தான்; படம் பெருசாயிட்டே வந்துச்சு. ஓடிப்போய் படத்துக்கு ஓரமா நின்னு, தன் காதுல கைய வெச்சு அவ உசரத்தை அளந்தான்.

இன்னும் கொஞ்சம் இழுக்கணும்.