இரண்டு தூக்குவாளிகள்

"அந்தப் படங்களை எடுத்து உள்ள வைடி வில்மா, ரூபி வர்ற நேரமாச்சு…"

"வரட்டும். வரட்டும்னுதானே மேஜை மேல பரப்பி…"

"உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா? செத்துப் போன மனுஷனை…"

"செத்தது ரெண்டு பேரு, அக்கா. நம்ம அப்பா மட்டும் இல்ல."

நான் நடுவில் உட்கார்ந்து பீன்ஸுக்கு நார் உரித்துக்கொண்டிருந்தேன். இருவரும் என் கணவரின் தங்கைகள். மூத்தவள் டெல்ஃபியாவுக்கு இடுப்பெலும்பு மாற்றியதிலிருந்து நாற்காலியை விட்டு எழுவது அபூர்வம். வாய்க்கு மட்டும் எந்த வைத்தியமும் தேவைப்படவில்லை. இளையவள் வில்மா பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். கத்திப் பேசிப் பழகிய தொண்டை. எங்கள் நிலக்கரி மலையூரான கெஸ்லர் க்ரீக்கில் இவர்கள் சண்டை போட்டால் எதிர் மலையில் நாய் குரைக்கும்.

"அண்ணி, நீங்களே ஒரு நியாயத்தைச் சொல்லுங்க," என்றாள் டெல்ஃபியா.

"என்னை விட்டுடுங்கம்மா. நான் வாழ வந்தவ."

"எத்தனை வருஷமா இதையே சொல்லித் தப்பிப்பீங்க?" என்றாள் வில்மா.

எல்லாம் ஒரு புகைப்படத்தால் வந்த வினை. சுரங்கத் தொழிலாளர் யூனியன் கூடத்தில், கொடிக்குப் பக்கத்தில், என் மாமனார் ஓக்கி ஸ்டிடமின் படம் தொங்குகிறது. சுரங்க வாயிலில் நின்று தன் தூக்குவாளியைக் கவிழ்க்கிறார்; தண்ணீர் வெள்ளிக் கம்பிபோல விழுகிறது. அந்த வாளியையும் கீழே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். எங்கள் சுரங்கக்காரர்களின் வாளியில் கீழ்த்தட்டில் தண்ணீர், மேல்தட்டில் சாப்பாடு. தண்ணீர் இல்லாமல் எவனும் உள்ளே இறங்கமாட்டான். ஒருவன் தண்ணீரைக் கொட்டினால் அன்றைக்கு வேலை இல்லை என்று அர்த்தம். அவனைப் பார்த்து மற்றவர்களும் கொட்ட வேண்டும். ஏன் என்று கேட்கிற வழக்கம் கிடையாது.

அந்தப் படம் எடுத்த அன்று சுரங்கத்துக்குள் காற்று அனுப்பும் விசிறி ஓடவில்லை, உள்ளே எரிவாயு சேர்ந்திருந்தது. காலை ஷிப்டுக்காரர்கள் கொட்டிவிட்டு வெளியே நின்றார்கள். இரவு ஷிப்டு இன்னும் மேலே வரவில்லை. சற்று நேரத்தில் வாயு வெடித்து மலையே அதிர்ந்தது. வெளியே நின்றவர்கள் பிழைத்தது முதலில் கொட்டிய ஓக்கியால் என்று ஊரே இன்றுவரை சொல்கிறது. டென்சில் ப்ரூட் என்பவன் மட்டும், எல்லோரும் கொட்டிய பிறகு உள்ளே போனான். இரவு ஷிப்டுக்காரர்களோடு அவனும் செத்துப் போனான். கம்பெனிக்காரன் தோளைத் தட்டியதும் வேலைக்கு இறங்கிவிட்டான், கருங்காலி என்றார்கள். மாதா கோயில் முன் நிற்கிற நினைவுக் கல்லில் மற்றவர்கள் பெயரெல்லாம் உண்டு, அவன் பெயர் கிடையாது. அவனுடைய மகள்தான் ரூபி. கைக்குழந்தையாக இருந்தபோதே கருங்காலி மகள் ஆனவள். பள்ளியில் அவள் பக்கத்தில் யாரும் உட்கார்ந்ததில்லை.

கூடத்துப் படம் மங்கிவிட்டது என்று, புதுப் பிரதி கேட்டு வாஷிங்டனில் உள்ள ஆவணக் காப்பகத்துக்கு வில்மா எழுதினாள். அந்தக் காலத்தில் அரசாங்கம் அனுப்பிய ஆள் எடுத்த படம் அது. அவர்கள் ஒரு படத்தோடு நிறுத்தாமல், அதற்கு முன்னும் பின்னும் எடுத்தவற்றையும் சேர்த்து அனுப்பிவிட்டார்கள்.

"முதல் படத்தைப் பாருக்கா. டென்சில் கொட்டறாரு. நம்ம அப்பா வாளி நிமிர்ந்துதான் இருக்கு."

"முதல்ல கொட்டினா என்ன, ரெண்டாவது கொட்டினா என்ன? எல்லாம் தண்ணிதானே?"

"இத்தனை வருஷமா முதல்ல கொட்டினவர் மகள்னு நீதானே கோயில்ல முன்பெஞ்சுல உட்கார்ந்தே? அப்ப ஒண்ணாத் தெரியலியா?"

டெல்ஃபியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வில்மா மூன்றாவது படத்தை அவள் மடியில் வைத்தாள். டென்சில் சுரங்க வாய்க்குள் போகிறான். முகம் பாதி திரும்பியிருக்கிறது. கையில் ஒன்றும் இல்லை. ஓக்கி வெளியே நிற்கிறார், இரு கையிலும் வாளி.

"ரெண்டு கை இருக்கு, ரெண்டு வாளி வச்சிருக்காரு. அதுக்கு என்னங்கற?"

"வாளி இல்லாம எவனாவது வேலைக்கு இறங்குவானா? சொல்லு. சுரங்கக்காரன் மகதானே நீ?"

டெல்ஃபியா படத்தை மேஜைமேலேயே திரும்ப வைத்தாள்.

"உள்ள இருக்கறவங்களைக் கூட்டிட்டு வரப் போனாருக்கா. அது யூனியன் பாதுகாப்புக் கமிட்டிக்காரன் வேலை. அன்னிக்குக் கமிட்டிக்காரன் யாரு? நம்ம அப்பா. அவருக்குப் பதிலா அந்த மனுஷன் போயிருக்காரு. போறப்ப வாளியை இவர் கையில குடுத்துட்டுப் போயிருக்காரு. ஊரு அந்த ஆளைக் கருங்காலின்னு சொன்னப்ப இவரு வாயே திறக்கல."

"அவரு உள்ள போயிருந்தா நீ பொறந்திருக்கவே மாட்டேடி!" டெல்ஃபியாவின் குரல் உடைந்தது. "அடுத்த வருஷம் பொறந்தவதானே நீ? அதையும் சேர்த்துக் கூடத்துல மாட்டு!"

வில்மா உட்கார்ந்துவிட்டாள்.

என் கையும் நின்றுவிட்டது. நார்களை நான் போட்டுக்கொண்டிருந்தது முழங்கால்களுக்கு நடுவில் இருந்த பழைய அலுமினியத் தூக்குவாளியில். இந்த வீட்டில் அதற்குத் துணிக்கிளிப் வாளி என்று பெயர். கிளிப்புகளைக் கொட்டிவிட்டுத்தான் எடுத்து வந்தேன். ஏன் மாமா, உங்களுக்கு எதற்கு இரண்டு வாளி என்று கல்யாணமான புதிதில் மாமனாரிடம் ஒருமுறை கேட்டேன். இருக்கட்டும்மா என்றார். விளிம்பில் ஒரு நசுங்கல் உண்டு. படத்தில், ஓக்கியின் இடது கையில் இருப்பதற்கும் அதே இடத்தில் நசுங்கல்.

வாசலில் கார் நின்றது. டெல்ஃபியா சட்டென்று பாத்திரம் துடைக்கிற துணியை எடுத்துப் படங்கள்மேல் போட்டாள்.

ரூபிக்குக் கதவைத் தட்டுகிற வழக்கமில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் டெல்ஃபியாவுக்குத் தலை சுருட்டிவிட வருவாள். அந்தத் தலையை இந்த ஊரில் வேறு யாரையும் தொடவிடமாட்டாள் டெல்ஃபியா.

"என்ன, மூணு பேரும் இழவு வீட்டுல உட்கார்ந்த மாதிரி இருக்கீங்க? பீன்ஸ் செத்துப் போச்சா?"

"வாயைப் பாரு. தலையை ஆரம்பி," என்றாள் டெல்ஃபியா.

ரூபி தண்ணீர் தெளித்து வகிடெடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை கூடத்து விருந்துக்கு ஆப்பிள் பை பலகாரம் சுடட்டுமா, நான் சுடுவதை வழக்கம்போல யாரும் தொடாமல் திருப்பி அனுப்புவார்களா என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். டெல்ஃபியா கண்ணை மூடிக்கொண்டாள். வில்மா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேனா என்று எனக்கே தெரியாது. வில்மா படங்கள்மேல் இருந்த துணியை இழுத்துவிட்டாள்.

"யாரு இது?"

"உங்கப்பா, ரூபி."

அவள் அந்த முகத்தைப் பார்த்ததே இல்லை. வீட்டில் இருந்த ஒரே படத்தை அவள் அம்மா அடுப்பில் போட்டுவிட்டாள் என்று கேள்வி. சீப்பைப் பிடித்தபடியே குனிந்தாள். "காது என்னோடதாட்டமே இருக்கு," என்றாள். பிறகு, "இவரு கொட்டறாரே?"

"முதல்ல கொட்டினதே அவருதான்."

"ரூபி, கேளு, அந்தக் காலத்துல எங்கப்பா…" என்று டெல்ஃபியா ஆரம்பித்தாள். ரூபி ஈரச் சீப்பை அவள் தோளில் வைத்து அழுத்தினாள்.

மூன்றாவது படத்தை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ரூபியின் விரல் அவள் அப்பாவின் வெறுங்கையில் நின்றது. அங்கிருந்து ஓக்கியின் வலது கைக்குப் போனது, இடது கைக்குப் போனது, அங்கேயே நின்றது. சீப்பிலிருந்து ஒரு சொட்டு படத்தில் விழுந்தது. ஏப்ரனால் அதை மெல்ல ஒற்றி எடுத்தாள்.

நான் நார் வாளியை முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டேன்.

ரூபி யாரையும் பார்க்காமல், டெல்ஃபியாவின் நனைந்த தலைக்கு மேல், மெதுவாகக் கேட்டாள்:

"டெல்ஃபியா, எங்கப்பாவோட வாளி எங்க?"