கலங்கல் தண்ணீர்

…அதையேதானே அவன் போன மாதம் சொன்னான், அணைக் கரையோட அடியில ஈரமா இருக்கு, மழையே இல்லை, எங்கேருந்து ஈரம், ஒரு தடவை வந்து பாரு என்று, மனைவி கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை ஆட்டினாள், அத்தோடு சரி. இப்போது இந்த இன்ஜினியர் வந்து, "இங்கேயும் கசியுதே, கவனிச்சியா?" என்றதும் அவளுக்கு முகமே மாறிவிட்டது, குத்துக்காலிட்டு உட்கார்ந்து புல்லை விலக்கிப் பார்க்கிறாள், ஈரத்தை விரலால் தொட்டுப் பார்க்கிறாள்… நான் சொன்னால் காற்றோடு போகும், அவர் சொன்னால் கல்வெட்டு. அதுவும் 'கவனிச்சியா'வாம், நீங்க கூட இல்லை, நீ. கல்லூரியில் ஒரே வகுப்பு, இருக்கட்டும், அதற்காக? காரை விட்டு இறங்கும்போதே, "என்னடி வாயாடி, எப்படி இருக்க?" என்று சிரித்தார். வாயாடியா? இவளா? வீட்டில் இரண்டு வார்த்தைக்கு மேல் மூன்றாவது வார்த்தை பேசினால் அன்றைக்கு விசேஷம் என்று நினைத்துக்கொள்ளலாம், அப்படிப்பட்டவள் ஒரு காலத்தில் வாயாடியாக இருந்திருக்கிறாள், அந்த வாயாடியை இவர் பார்த்திருக்கிறார், கட்டியவன் பார்க்கவில்லை.

அணை அவளுடையது, அவள் அப்பா பழத்தோட்டத்துக்காக ஓடையை மறித்து, புல்டோசரை வாடகைக்கு எடுத்து, மண்ணைக் கொட்டிக் கொட்டி எழுப்பியது, இரண்டு மாடி உயரம் இருக்கும். மாமனார் இருந்தவரைக்கும் அவனைக் கரைமேல் ஏறவிட்டதில்லை, "மாப்பிள்ளை, உங்களுக்கு எதுக்கு வெயில்ல அலைச்சல்?" என்பார், மரியாதையாகத்தான் சொல்வார், அந்த மரியாதையிலேயே அவனை வெளியே நிறுத்திவிடுவார். வீட்டோட மாப்பிள்ளைக்குக் கணக்கு டியூஷன் எடுக்கத்தான் தெரியும், அணையைப் பற்றி என்ன தெரியும்? இன்ஜினியர் என்னவோ விளக்குகிறார், "கசிவு தெளிவா வந்தா உடனே பயமில்ல, கவனிச்சுட்டே இருக்கணும். கலங்கலா வந்தாத்தான் ஆபத்து, தண்ணி உள்ளேருந்து கரையோட மண்ணை அரிச்சுட்டு வருதுன்னு அர்த்தம்." அவள் பள்ளிப் பிள்ளை மாதிரி கேட்டுக்கொண்டாள். பிறகு மேட்டில் ஏறும்போது அவர் கை நீட்டினார், அவள் பிடித்துக்கொண்டாள், சரிவு, செருப்பு வழுக்கும், பிடிக்கத்தான் வேண்டும்… எத்தனை நாள் அவள் தனியாக ஏறியிருக்கிறாள், யார் கையைப் பிடித்தாள்?

மேலேயிருந்து, "என்னங்க, கார்ல தண்ணி பாட்டில் இருக்கு, எடுத்துட்டு வரீங்களா?" என்று குரல் கொடுத்தாள். போகிறேன், எடுபிடி வேலைக்குத்தானே நான். கரையின் அடியோரமாகவே நடந்தான், மதகைத் தாண்டி, கோரைப்புல் முளைத்திருந்த மூலை வரைக்கும், அங்கே நின்றான். புல்லுக்கு நடுவே கட்டைவிரல் பருமனில் தண்ணீர் குமிழியிட்டுக் கொண்டிருந்தது, பால் விட்ட டீயின் நிறத்தில். நான்தான் மிதித்துக் கலக்கிவிட்டேனோ? காலை எடுத்தான், தள்ளி நின்று பார்த்தான். கலங்கல் நிற்கவில்லை. ஊற்றின் வாயைச் சுற்றிச் சின்ன வளையமாக மண் சேர்ந்துகொண்டே இருந்தது, மேலே அவள் சிரிக்கிற சத்தம், இந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாகிறது, சொன்னால் என்ன நடக்கும்? அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்குவார், அணையைக் காப்பாற்றுவார், ராத்திரி இங்கேயே தங்குங்க என்பாள் அவள், நாளைக்கு, அதற்கடுத்த நாள்… அவர் கிளம்பட்டும், பிறகு வேறு யாரையாவது கூப்பிட்டுக்கொள்ளலாம், ஒரு மணி நேரத்தில் என்ன ஆகிவிடப் போகிறது? கீழே பழம் பிரிக்கும் கொட்டகையில் பெண்கள் எதற்கோ யாரையோ கேலி செய்துகொண்டிருந்தார்கள். அதையும் தாண்டித் தையல்காரரின் தகர வீடு, மிஷின் ஓடுகிற கடகட சத்தம் இங்கே வரைக்கும் கேட்கிறது, அவருக்குக் கால் சரியில்லை, ஓடச் சொன்னால் ஓட முடியாது… அந்த மனிதரின் காலை நினைத்த பிறகும் இன்னும் ஒரு சிரிப்பு முடிகிற வரைக்கும் நின்றான், அதை யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது. பிறகு கத்தினான், "சார்! கலங்கி வருது சார்! ஓடி வாங்க!"

அதற்குப் பிறகு பொறாமைப்பட நேரமில்லை. இன்ஜினியர் சறுக்கிக்கொண்டே இறங்கி வந்தார், பார்த்தார், அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. "மதகை முழுசாத் திற. கீழ ஒருத்தர்கூட இருக்கக் கூடாது. மணல் இருக்கா? ஜல்லி இருக்கா?" அவள் மதகுக்கு ஓடினாள், அவன் கொட்டகைக்கு ஓடினான், பெண்களைக் கிளப்பி மேட்டுக்கு அனுப்பினான், "இந்தச் சட்டைக்கு ஒரு கைதான் பாக்கி" என்ற தையல்காரரை அப்படியே தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஏறினான். திரும்பி வந்து மணலைச் சுமந்தான், ஜல்லியைச் சுமந்தான், இன்ஜினியர் காட்டிய இடத்தில் மண்ணைப் பிடித்து நிறுத்தித் தண்ணீரை மட்டும் விடுகிற மாதிரி அடுக்கினார்கள். சாயங்காலத்துக்குள் அணையில் தண்ணீர் பாதியாக இறங்கிவிட்டது, கசிவு மெலிந்து தெளிவாக வந்தது. "இப்போதைக்குத் தாங்கும். கரையை வெட்டிப் பார்த்துத் திரும்பக் கட்டணும். சார், நீங்க பார்க்கலைன்னா இன்னிக்கு ராத்திரியே போயிருக்கும்" என்று அவர் கை கொடுத்தபோது அவனால் அவர் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

கொட்டகைக் குழாயில் அவள் முழங்கை வரைக்கும் சேறு கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய்த் தன் கையையும் நீட்டினான். "அன்னிக்கு நீங்க சொன்னீங்கல்ல, மறுநாள் விடியக்காலையில நான் வந்து பாத்தேன்" என்றாள், அவனைப் பார்க்காமலே. "ரொம்பப் பயந்துட்டேன். அதான் இவனுக்குப் போன் பண்ணினேன்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா நீங்களும் பயந்திருப்பீங்க. வீட்ல ரெண்டு பேரும் பயந்தா எப்படி?"

அப்படியானால் நம்பியிருக்கிறாள், தன் வார்த்தையை நம்பித்தான் இந்த ஆளையே வரவழைத்திருக்கிறாள்… நெஞ்சு லேசாகிவிட்டது, உண்மையாகவே லேசாகிவிட்டது, குழாயை மூடி ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொள்கிற வரைக்கும். பிறகுதான் தோன்றியது, விடியக்காலையில் தனியாக இந்தக் கரையடியில் நின்று பயந்தவள், அந்தப் பயத்தை எடுத்துக்கொண்டு போய்ச் சொல்ல ஒரு ஆள் வைத்திருக்கிறாள், அவரிடம் என்ன சொல்லியிருப்பாள், அழுதிருப்பாளோ, தன்னிடம் அவள் ஒரு தடவையாவது பயந்து காட்டியிருக்கிறாளா?