கேமராவில் தூங்கிய நாய்

1

இந்தக் கதை எனக்கு ஒரே வரியாகத்தான் கிடைத்தது. சாத்தூர் பஸ்ஸில் பின்சீட்டுப் பெண் யாரிடமோ சொல்லிக்கொண்டு வந்தாள்: "போன்ல பாத்தா நாய் தூங்குது. கதவப் பிராண்டுறதும் அதே நாய்தான்." அச்சங்குளத்தில் அவள் இறங்கிவிட்டாள். மற்றதெல்லாம் என் கற்பனை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'சிவகாசியின் வானம் அன்று கந்தக நிறத்தில்' – வேண்டாம். அன்று மழை பெய்து விட்டிருந்தது, அவ்வளவுதான்.

2

சுகிர்தாவுக்குச் சொந்தமாகப் பட்டாசுக் கம்பெனி. வீடு மாடியில், ஆபீஸ் கீழே. தீபாவளி சீசன், ஆர்டர்கள் போனில் வந்து விழுந்துகொண்டேயிருந்தன. (புருஷன் மணிகண்டராஜை முதலில் வீட்டில்தான் வைத்திருந்தேன். அவன் இருந்தால் கதை நகரவில்லை. லோடு விஷயமாகப் பெங்களூருக்கு அனுப்பிவிட்டேன்.) மாடியில் ஐந்து வயது மகள் ஓவியா தூங்கினாள். கட்டிலடியில் நாய், சீனி.

முதல் வரைவில் சுகிர்தா பிள்ளையைக் கவனிக்காத தாயாக வந்தாள். அது பொய்யாகப் பட்டது. அவள் கவனித்துக்கொண்டேதான் இருந்தாள். படுக்கையறையில் கேமரா வைத்திருந்தாள்; ஒரு ஆர்டருக்கும் அடுத்த ஆர்டருக்கும் நடுவில் போனில் மகளைப் பார்ப்பாள். மகள் தூங்கினாள். மறுபடி பார்த்தாள். தூங்கினாள்.*

* மாடியில் கரண்ட் போய்ப் படம் அப்படியே உறைந்துவிட்டது. ஓவியா எழுந்து சீனியோடு வெளிப்படி வழியாக இறங்கிப் போய்விட்டாள். சுகிர்தாவுக்கு இது தெரியாது. உங்களிடம் மறைக்க எனக்கு மனமில்லை.

3

ஆபீஸ் கதவை ஏதோ பிராண்டியது. பிறகு குரைத்தது.

"அய்யாதுரை அண்ணே, தெருநாய் போலருக்கு. வெரட்டி விடுங்க," என்றாள் சுகிர்தா, தலை நிமிராமல்.

லோடு பார்க்கும் அய்யாதுரை கதவைத் திறந்தவர் அப்படியே நின்றார். "தாயி, இது நம்ம சீனி."

"சீனி மேல படுத்துக் கெடக்கு. இந்தா, பாருங்க."

போனை நீட்டியபடி நிமிர்ந்தாள். போனில் சீனி கட்டிலடியில் படுத்திருந்தது. வாசலில் சீனி நின்றுகொண்டிருந்தது, வயிறு வரைக்கும் சேறு.

அவள் கண் அந்த நாய்க்கும் இந்த நாய்க்குமாகப் போய்ப் போய் வந்தது. போனை மேஜையில் போட்டாள். அதில் விருதுநகர்க்காரர் ஒருவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அவள் செருப்புக்கூடப் போடாமல் நாயின் பின்னால் ஓடினாள்.

4

குடோனுக்குப் பின்னால் புதுக் கட்டடத்துக்குத் தோண்டிய குழி. இந்த இடத்தை வேறு மாதிரியும் எழுதிப் பார்த்தேன். அதில் குழியில் தண்ணீர் மட்டும் – அந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை.

ஓவியா நின்றுகொண்டிருந்தாள். நெஞ்சளவு மழைத்தண்ணீரில், தூண் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி. அழவில்லை. சுகிர்தா குழிக்குள் குதித்துத் தூக்கிக் கொடுக்க, பின்னால் ஓடிவந்த அய்யாதுரை வாங்கிக் கரையில் நிறுத்தினார்.

"ஏத்தா, விழுந்ததும் ஒரு சத்தங் குடுக்கக் கூடாதா? அம்மா இங்கனதான இருக்கேன்." சுகிர்தா குழியிலிருந்து ஏறிக்கொண்டே கேட்டாள்.

"நீ போன்ல பாத்துக்கிட்டு இருப்பேல்லம்மா," என்றாள் ஓவியா. "அதான் வருவேன்னு சும்மா நின்னேன்."

5

சுகிர்தா அதற்கு என்ன சொன்னாள்? போனைக் குழியில் வீசினாள் என்று எழுதினேன். (போன் ஆபீசில் கிடப்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.) மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள் என்று எழுதி, அதையும் அடித்துவிட்டேன். வாயைத் திறக்கிறாள், எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை.

ஓவியா அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நீங்களாவது ஏதாவது சொல்லுங்கள். பிள்ளை ஈரத்தோடு நிற்கிறது.